தங்கை கையில் விரல் தடம், கேட்டால் "அவன் கொஞ்சம் பொசசிவ்" என்கிறாள். என்ன செய்வது?

நூல்கண்டு
ஞாயிறு, இரவு 11:52

தெரிந்தவர்கள் யாரிடமும் கேட்க முடியாததால் இங்கே எழுதுகிறேன். பழைய ஐ.டி.யை சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள், அதனால் இது புதிது.

எனக்கு 26 வயது, சென்னையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. தங்கை கல்லூரி முதலாம் ஆண்டு, வேறு ஊரில் ஹாஸ்டல். வயது 17, ஜனவரியில்தான் 18 முடிகிறது. தீபாவளிக்கு இரண்டு பேரும் வீட்டுக்கு வந்திருக்கிறோம். புதுச் சுடிதாரின் கை இறுக்கமாக இருக்கிறது, தையலைக் கொஞ்சம் பிரித்துவிடு என்று என்னிடம் வந்தாள். கையைத் தூக்கச் சொன்னேன். முழங்கைக்கு மேலே உள்பக்கமாக வரிசையாய் நான்கு இடத்தில் கன்றிப்போய், மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. "பஸ்ல கம்பி இடிச்சிருச்சு" என்றாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். உட்கார்ந்து தையல் பிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது, கையின் மறுபக்கம் தனியாக ஐந்தாவது ஒன்று இருந்தது. கம்பிக்கு ஏது கட்டைவிரல்?

அதற்கப்புறம் கவனிக்க ஆரம்பித்தேன். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் போன் குப்புறக் கிடக்கிறது, அது அதிர்ந்தால் தோசையைப் பாதியில் விட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடுகிறாள். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடாது இல்லையா, அது முடிகிற நேரத்துக்கு அலாரம் வைத்திருக்கிறாள், விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து மறுபடி போட்டுவிட்டுத் தூங்குகிறாள். நான் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும்போது வீடியோ கால் வந்தது. எண்ணெய்க் கையோடு நான் நிற்க, அவள் போனை அறை முழுக்கச் சுற்றிக் காட்டி "அக்கா மட்டும்தான் இருக்கா, பாரு" என்கிறாள்.

பையன் அதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, 20 வயது. வற்புறுத்திக் கேட்டபோது ஒத்துக்கொண்டாள். கிளாஸ் பையன் ஒருவன் நோட்ஸ் அனுப்பியதற்காகக் கையைப் பிடித்து இழுத்தானாம், அதற்கு முன்னால் ஒருமுறை அறைந்திருக்கிறானாம், அறைந்த பிறகு அவனே அழுதானாம். "அவன் கொஞ்சம் பொசசிவ்க்கா, அவ்ளோதான்." நான் கோபப்பட்டுக் கத்தியதும் அவள் சொன்னதுதான் இன்னும் காதுக்குள் நிற்கிறது: "அப்பா அம்மாவை அடிக்கலையா? அவங்க என்ன பிரிஞ்சா போயிட்டாங்க?"

வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். படிப்பு நிற்கும், போன் போகும், தை பிறந்ததும் மாப்பிள்ளை பார்ப்பார்கள். எங்கள் பெரியப்பா மகளுக்கு அதுதான் நடந்தது. சொல்லாமல் விட்டு நாளைக்கு ஏதாவது ஆனால் நான்தான் காரணம். செவ்வாய்க்கிழமை அவள் ஹாஸ்டலுக்குத் திரும்புகிறாள். என்ன செய்ய?


ஸ்பேனர்_தம்பி
திங்கள், காலை 6:40

இதில் யோசிக்க என்ன இருக்கிறது சிஸ்டர்? அப்பாவிடம் சொல்லுங்கள். போனை வாங்கி வையுங்கள். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பையனை ஒரு தட்டு தட்டினால் தானாக ஓடுவான். நம் வீட்டுப் பெண் மேல் கை வைத்தவனிடம் என்ன பேச்சு.


ஆவாரம்பூ
திங்கள், காலை 8:15

தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்வதைச் செய்தால் அந்தப் பெண்ணுக்கு அடி இரண்டு பக்கமும் விழும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நூல்கண்டு, உங்கள் தங்கையின் இடத்தில் இருந்தவள் நான். முதல் அறை 2009 இல், கல்லூரிக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில், அண்ணன் முறை வருகிற ஒருவரோடு பேசிச் சிரித்ததற்காக. அன்று சாயங்காலமே ரோஸ்மில்க் வாங்கிக்கொண்டு வந்து நின்றான், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அந்த அழுகையைப் பார்த்து எனக்குத்தான் குற்ற உணர்ச்சி, இவ்வளவு பிரியமாக இருக்கிறவனை இப்படி அழவைத்துவிட்டோமே என்று. சத்தியமாகச் சொல்கிறேன், அறை மறந்துவிட்டது, ரோஸ்மில்க்தான் மனதில் நின்றது. 2013 இல் வீட்டை எதிர்த்து அவனையே கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு ரோஸ்மில்க் நின்றுவிட்டது, மற்றது நிற்கவில்லை.

அம்மாவிடம் போனேன். "கை நீட்டாத ஆம்பளை எங்கடி இருக்கான்" என்றாள். அப்பா, "நீயா தேடிக்கிட்டதுதானே" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். பெற்றோர் பார்த்து வைத்த மாப்பிள்ளை அடித்தால் பஞ்சாயத்து பேசவாவது நாலு பேர் வருவார்கள், நாமே தேடிக்கொண்டவன் அடித்தால் அதுவும் கிடையாது. மகளிர் காவல் நிலையத்துக்குப் போனால் அங்கே ஒரு அம்மா இரண்டு பேரையும் பெஞ்சில் உட்காரவைத்து, இனிமேல் சண்டை போடமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். "மாட்டோம்" என்று என்னையும் சேர்த்துத்தான் எழுதச் சொன்னார்கள். நான் யாரை அடித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஏழு வருடம் கழித்து வெளியே வந்தேன். வரவைத்தது சட்டமும் இல்லை, வீரமும் இல்லை. ஹாஸ்டல் தோழி ஒருத்தி, நான் போனை எடுக்காத காலத்திலும் மாதம் ஒரு முறை "சாப்பிட்டியா" என்று மெசேஜ் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒருமுறைகூட "அவனை விட்டுட்டு வா" என்று சொன்னதில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அவளையும் பிளாக் செய்திருப்பேன். நான் கிளம்பிய அன்று இரவு எனக்கு நினைவில் இருந்த ஒரே நம்பர் அவளுடையதுதான்.

அதனால் "அவனை விடு" என்று இன்றைக்குச் சொல்லாதீர்கள். அவன் ஏற்கனவே அவள் சிநேகிதிகளை ஒவ்வொருத்தியாக வெட்டிவிட்டிருப்பான், விசாரித்துப் பாருங்கள். நீங்கள் கத்தினால் அவளுக்கு மிச்சம் இருக்கிற ஒரே ஆளும் போய்விடும்.


கணக்குப்பிள்ளை
திங்கள், காலை 10:05

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை, காலேஜ் வயதில் சகஜம் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் எண்களைப் போட்டுவிடுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2024 இல் வெளியிட்ட ஆய்வில், காதலிலோ திருமணத்திலோ இருந்த 15 முதல் 19 வயது வரையான பெண்களில் 24 சதவீதம் பேர் துணையால் உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். ஏறக்குறைய 1.9 கோடிப் பெண்கள். கடந்த ஒரு வருடத்தில் மட்டும் என்று கேட்டாலே 16 சதவீதம். இருபது வயது ஆவதற்கு முன்னால் நாலில் ஒருத்தி.

நம் ஊருக்கு வந்தால், தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019-21. கணவனால் வன்முறைக்கு ஆளானவர்கள் இந்திய அளவில் 29 சதவீதம், தமிழ்நாட்டில் 38 சதவீதம். படிப்பிலும் வேலையிலும் நாம் முன்னால் நிற்கிறோம் என்று சொல்லிக்கொள்வோமே, இதிலும் முன்னால்தான். கர்நாடகம் நம்மைவிட மோசம், 44 சதவீதம், அதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. இன்னொரு கேள்வியும் கேட்டார்கள்: மனைவி சொல்லாமல் வெளியே போனால், சரியாகச் சமைக்காவிட்டால், எதிர்த்துப் பேசினால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால், இப்படி ஏழு காரணங்களில் ஏதாவது ஒன்றுக்காகக் கணவன் அடிப்பது நியாயமா என்று. தமிழ்நாட்டில் நாலில் மூன்று பெண்களுக்கு மேல் ஒரு காரணத்துக்காவது நியாயம்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். ஆவாரம்பூ, உங்கள் அம்மா சொன்னது அவர் ஒருவருடைய கருத்து இல்லை.

இந்த ஆய்விலேயே எனக்குத் தூக்கிப்போட்ட இடம் வேறு. வன்முறையை அனுபவித்த பெண்களில் 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. கல்யாணமாகாத பெண்களிடம் உன்னை அடித்தது யார் என்று கேட்டால் பட்டியலில் முதலில் வருவது காதலன் இல்லை, அம்மாவும் அப்பாவும். அந்தப் பிள்ளை காதலன் அடித்ததை யாரிடம் போய்ச் சொல்லும்?


ஸ்பேனர்_தம்பி
திங்கள், காலை 10:22

சரி, நான் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. ஆனால் அப்பா அம்மா கண்டிப்பதும் இவன் அடிப்பதும் ஒன்றா?


ஆவாரம்பூ
திங்கள், காலை 10:31

ஒன்று என்று யாரும் சொல்லவில்லை தம்பி. "நம்ம மேல பிரியம் இருக்கிறவங்கதான் அடிப்பாங்க" என்பதை அந்தப் பெண் எங்கே கற்றுக்கொண்டாள் என்பதுதான் பேச்சு.


கறுப்புக்கோட்டு
திங்கள், மதியம் 1:48

கோர்ட் இடைவேளையில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும். மாவட்ட நீதிமன்றத்தில் பெண்கள், குழந்தைகள் வழக்குகள் பார்க்கிறேன்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 இருக்கிறதே என்று பலரும் கேட்பார்கள். அது ஒரே வீட்டில் வாழ்கிற, அல்லது வாழ்ந்த உறவுகளுக்கானது. திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கும் பொருந்தும். ஆனால் எந்த உறவு "திருமணம் போன்றது" என்பதற்கு 2010 இல் உச்ச நீதிமன்றம் சில நிபந்தனைகள் வைத்தது, தமிழ்நாட்டிலிருந்து போன வேலுசாமி - பச்சையம்மாள் வழக்கில். ஹாஸ்டலில் இருக்கிற பெண்ணும் அவளுடைய காதலனும் அதற்குள் வரமாட்டார்கள். அதனால் கையில் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. அறைந்ததும் கையைப் பிடித்து இழுத்ததும் பாரதிய நியாய சன்ஹிதாவில், அதாவது ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டத்தில், காயம் ஏற்படுத்திய குற்றம். விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் பின்தொடர்வது பிரிவு 78. பெண்ணின் இணையப் பயன்பாட்டை, செய்திகளைக் கண்காணிப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. மிரட்டினால் அது தனி.

இனி வயது. 17 என்கிறீர்கள், எனவே போக்சோவை, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தை, மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவரோடு பாலியல் தொடர்பு இருந்தால், சம்மதம் இருந்தாலும் அது குற்றம். அப்படி ஒன்று தெரியவந்தால் டாக்டர், ஆசிரியர், கவுன்சிலர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இருவரும் விரும்பிய காதலைத் தண்டிப்பதற்காக இந்தச் சட்டம் கொண்டுவரப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 இல் ஒரு வழக்கை ரத்து செய்தது உண்டு. ஆனால் அது நீதிமன்றத்தில், வழக்கு வந்த பிறகு. உங்கள் தங்கை யாரிடமாவது மனம்விட்டுப் பேசப் போகும் முன் இந்த விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடுவழியில் தெரிந்தால் ஏமாற்றிவிட்டதாக நினைப்பாள், அப்புறம் வாயே திறக்க மாட்டாள். என் கட்சிக்காரர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு கேள்வி. போட்டோ, வீடியோ ஏதாவது அவனிடம் இருக்கிறதா? உடனே பதில் சொல்ல வேண்டாம், அவளிடம் மெதுவாகக் கேளுங்கள். விட்டு வர முடியாமல் இருப்பதற்குப் பாதி நேரம் காரணம் பிரியமாக இருப்பதில்லை.


வேண்டாம்_மச்சான்
திங்கள், மாலை 5:30

எழுதலாமா வேண்டாமா என்று மத்தியானத்திலிருந்து யோசித்துவிட்டு எழுதுகிறேன். நான் அந்தப் பையனாக இருந்தவன்.

2014, எனக்கும் இருபது வயது. அவளுடைய ஃபேஸ்புக் பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது, கேட்டு வாங்கினேன், "நம்பிக்கை இருந்தா கொடு" என்று. லாஸ்ட் சீன் 11:40 என்று இருந்தால் எனக்கு அனுப்பிய குட்நைட் 11:10 தானே, நடுவில் முப்பது நிமிடம் யாரோடு என்று விடியும்வரை கேட்பேன். அடித்ததில்லை என்று நீண்ட நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் போனைச் சுவரில் எறிந்து உடைத்திருக்கிறேன், அவள் தலைக்கு ஒரு ஜாண் தள்ளி. பேச மாட்டேன் என்று சொன்ன ஒவ்வொரு முறையும் கையை அறுத்துக்கொள்வேன் என்பேன். ஹாஸ்டலில் இதெல்லாம் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. "கன்ட்ரோல்ல வெச்சுக்கோ மச்சான், இல்லன்னா கை மாறிடும்" என்று சீனியர்கள் அட்வைஸ் கொடுப்பார்கள். நானும் ஜூனியர்களுக்குக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் அப்பா அம்மாவை அடிக்கவே மாட்டார், இதையும் சொல்லிவிடுகிறேன், அதனால் எல்லாப் பழியையும் வீட்டின் மேல் போட முடியாது.

அவள் பிரிந்துபோன விதம் நினைவிருக்கிறது. தனியாகச் சொல்லவில்லை. ரூம்மேட்கள் மூன்று பேரோடு கேன்டீனில் உட்கார்ந்து, பகலில், எல்லோர் முன்னாலும் சொன்னாள். தனியாக மொட்டை மாடியில் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நூல்கண்டு, உங்கள் தங்கை பிரிவதென்று முடிவு செய்தால் அதைச் சொல்லத் தனியாகப் போகவிடாதீர்கள். "கடைசியா ஒரு தடவ பார்த்துப் பேசலாம்" என்று அவன் கெஞ்சுவான், அதற்கும் போகக்கூடாது. இதைச் சொல்லத்தான் வந்தேன்.


ஆவாரம்பூ
திங்கள், மாலை 6:02

சொன்ன விஷயம் சரி. பரங்கிமலை ஸ்டேஷனில் 2022 இல் ஒரு கல்லூரி மாணவியை ரயில் முன்னால் தள்ளியவனும் விலகிப் போன பெண்ணைத் தொடர்ந்து வந்தவன்தான். விலகுகிற நேரம்தான் ஆபத்தானது. மற்றபடி உங்கள் மனமாற்றத்துக்கு நான் கைதட்டப் போவதில்லை, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.


வேண்டாம்_மச்சான்
திங்கள், மாலை 6:10

எடுத்துக்கொள்ளவில்லை.


நூல்கண்டு
திங்கள், இரவு 10:37

எல்லோருக்கும் நன்றி. சாயங்காலம் கடைக்குப் போகிற சாக்கில் அவளை வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். ஓட்டிக்கொண்டே பேசினேன், முகம் பார்க்க வேண்டாம் என்பதால் அவளுக்குச் சுலபமாக இருந்தது என்று நினைக்கிறேன். அப்பாவிடம் சொல்ல மாட்டேன், நீ யாரை விட வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது, வண்டியை நிறுத்தியதும் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். கறுப்புக்கோட்டு, நீங்கள் கேட்டது சரிதான். வீடியோ காலில் அவன் வற்புறுத்திக் காட்டச் சொல்லி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறான். விட்டுப் போனால் காலேஜ் குரூப்பில் போடுவேன் என்கிறானாம். அவள் "பொசசிவ்" என்று சொன்னது இதைத்தான்.

ஆவாரம்பூ அக்கா, சிநேகிதிகள் விஷயமும் நீங்கள் சொன்ன மாதிரியே. பள்ளிக்கூடத் தோழிகள் ஆறு பேரில் ஒருத்திதான் மிச்சம்.

அவள் பயப்படுவது பேர் வெளியே வந்துவிடும் என்று. பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பேரைப் போலீசே சொல்லவில்லையா என்கிறாள். என்ன பதில் சொல்ல?


கறுப்புக்கோட்டு
திங்கள், இரவு 11:20

பொள்ளாச்சியில் 2019 இல் அப்படி நடந்தது உண்மைதான், அது பெரிய துரோகம். அந்த வழக்கின் முடிவையும் அவளிடம் சொல்லுங்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. சாட்சி சொன்ன பெண்கள் யாரும் பின்வாங்கவில்லை, விசாரணை மூடிய அறையில் நடந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் அடையாளத்தை வெளியிட்டால் போக்சோ பிரிவு 23 இன்படி வெளியிட்டவர் மேலேயே வழக்கு வரும்.

அந்தப் படங்களைப் பொறுத்தவரை அவன் நினைப்பதைவிட அவன் நிலைமை மோசம். 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் அந்தரங்கப் படத்தை எடுப்பதும், பரப்பும் எண்ணத்தோடு வைத்திருப்பதும் போக்சோவிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 67பி யிலும் குற்றம். அவளே அனுப்பியிருந்தாலும் அவன் மிரட்டுவது மிரட்டல்தான். சைபர் குற்ற உதவி எண் 1930 க்குப் போன் செய்யலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பகுதியில் பேர் சொல்லாமலும் பதிவு செய்யலாம். "டேக் இட் டவுன்" என்று ஒரு இலவச சேவையும் இருக்கிறது, 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கானது. படம் உங்கள் போனை விட்டு எங்கும் போகாது, அதன் கைரேகை மாதிரி ஒரு எண்ணை மட்டும் உருவாக்கி இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குக் கொடுப்பார்கள், அங்கே அது ஏறினால் தடுக்கப்படும். படம் அவள் போனிலும் இருந்தால்தான் இது நடக்கும். வாட்ஸ்அப்புக்குள் பரவுவதை இதனால் தடுக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்றிரவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு, செய்யக்கூடாதது ஒன்று உண்டு. அவன் மிரட்டிய சாட்டை அழிக்காதீர்கள், அவனை இப்போதே பிளாக் செய்யவும் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் மெயிலுக்கு அனுப்புங்கள், ஆனால் அசல் சாட் அவள் போனிலேயே இருக்க வேண்டும், நீதிமன்றத்தில் அதற்குத்தான் மதிப்பு. கையில் உள்ள தடத்தைத் தேதியோடு போட்டோ எடுங்கள், இன்னும் மறைந்திருக்காது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் லிங்க்டு டிவைசஸ் போய்ப் பாருங்கள், அவள் வாட்ஸ்அப் வேறு எந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று அங்கே தெரியும், அவன் லேப்டாப் அதில் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். இருந்தால் அதையும் முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எப்போது துண்டிப்பது என்பதைப் புகார் கொடுக்கும் நாளில் வைத்துக்கொள்ளலாம். இந்தத் திரியை அவள் போனில் திறக்கவே வேண்டாம்.


நூல்கண்டு
திங்கள், இரவு 11:41

லேப்டாப் இருந்தது. படம் எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று. அவள் படிக்கிற ஊரில் ஒருங்கிணைந்த சேவை மையம், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஒரே இடத்தில் உதவுகிற அரசு மையம், இருக்கிறது என்று பார்த்தேன். 17 வயதில் அப்பா அம்மா இல்லாமல் போகலாமா? நான் லீவு போட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை அவளோடு பஸ் ஏறுகிறேன்.


கறுப்புக்கோட்டு
செவ்வாய், காலை 5:55

போகலாம். அதற்குச் சகி மையம் என்றும் பெயர். 18 வயதுக்குக் கீழே இருந்தாலும் அங்கே பார்ப்பார்கள், குழந்தைகள் நலக் குழுவோடு சேர்ந்து செய்வார்கள். கவுன்சிலர், வக்கீல், போலீஸ் உதவி எல்லாம் அங்கிருந்தே ஏற்பாடு செய்வார்கள், தேவைப்பட்டால் ஐந்து நாள்வரை தங்கவும் வைப்பார்கள். போவதற்கு முன் மகளிர் உதவி எண் 181 க்கோ குழந்தைகள் உதவி எண் 1098 க்கோ போன் செய்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. பெற்றோருக்குச் சொல்லும் கட்டம் ஒன்று வரலாம். அப்போது வீட்டில் என்ன நடக்கும் என்று நீங்கள் பயப்படுவதை முதலிலேயே குழுவிடம் சொல்லிவிடுங்கள், படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைப்பதும் அவர்கள் தடுக்க வேண்டிய விஷயம்தான். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். நகலோ, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோ இல்லாமல் எழுந்து வராதீர்கள். "பேசித் தீர்த்துக்கலாம்" என்று பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்கார வேண்டாம்.


ஆவாரம்பூ
செவ்வாய், காலை 6:20

பஸ்ஸில் அவளை ஜன்னல் பக்கம் உட்காரவையுங்கள். அந்த ஒரு பள்ளிக்கூடத் தோழியின் நம்பரை நீங்களும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.